மின்சாரமும் காஸும் இல்லாத நாட்களுக்கு எரிபொருள்: மழைக்கு முன்பே தயார் செய்யுங்கள்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நகரங்களுக்கு மின்சாரம் முதலில் வந்து சேர்ந்தது. உள்ளடங்கிய கிராமங்கள் பலவும் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன. சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்ததால் காஸ் சிலிண்டர் வண்டி வர வழியில்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை; குளத்து நீரையும் கைப்பம்பு நீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் ஒவ்வொரு கொல்லையிலும் தென்னையும் மாவும் பலாவும் குவிந்து கிடந்தன. ஆனால் அடுப்பில் வைக்க விறகு இல்லை. விழுந்தது பச்சை மரம். அதன்மேல் மழையும் பெய்தது. பச்சை மரம் புகையுமே தவிர எரியாது. 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலா விவசாயிகளும் இதே நிலையைப் பார்த்தார்கள்.

புயல் அடித்தால்தான் இப்படி ஆகும் என்றும் எண்ண வேண்டாம். இலங்கையில் 2022-ம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அதே சமயத்தில் சமையல் காஸும் மண்ணெண்ணெயும் தட்டுப்பாடாயின. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்று நம்பியிருந்த குடும்பங்கள் மூன்றும் ஒரே நேரத்தில் இல்லாமல் விறகைத் தேடிப் போயின.

ஆகவே சிறு விவசாயி ஒருவர் இரண்டு வாரத்துக்கு வேண்டிய எரிபொருளைத் தம் நிலத்திலிருந்தே எடுத்து, ஐப்பசி மழைக்கு முன்பே காயவைத்துச் சேமித்துக்கொள்வது அவசியம். இதற்குப் பெரிய செலவு கிடையாது. காலம் தவறாமல் செய்வதுதான் முக்கியம்.

இன்வெர்ட்டர் கைகொடுக்குமா?

இன்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது, இன்வெர்ட்டரும் இருக்கிறது, பிறகென்ன கவலை என்று சிலர் கேட்கிறார்கள். வீடுகளில் வைத்திருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் முழுதாக நிரம்பியிருந்தாலும் இரண்டு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரமே இருக்கும். இன்டக்‌ஷன் அடுப்பு 1,500 வாட் வரை இழுக்கும். அந்தப் பளுவைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. தாங்கினாலும் பேட்டரி ஒரு வேளைச் சமையலுக்குள் தீர்ந்துவிடும். அந்தப் பேட்டரியை இரவு விளக்குக்கும் கைப்பேசிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரிய அடுப்பு கோடையில் நன்றாக வேலை செய்யும். கார்த்திகை மாதத்தில் மேகம் மூடியிருக்கும்போது அதை நம்பியிருக்க முடியாது.

விறகில் இருக்கும் தண்ணீர்

வெட்டிய அன்று ஒரு மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 10 கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் அதில் 5 கிலோதான் மரம். அந்த மரம் எரிந்து தரும் சூட்டிலும் ஒரு பங்கு மீதி 5 கிலோ தண்ணீரை ஆவியாக்குவதில் போய்விடும். அதோடு அடுப்பின் சூடு குறைவதால் மரத்திலிருந்து வெளிவரும் ஆவி முழுதாக எரியாமல் கரும்புகையாகக் கிளம்பிப் பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் தாக்கும். நன்றாகக் காய்ந்த விறகில் ஈரம் 15 முதல் 20 சதவீதம்தான். ஒரே மரம், ஒரே அடுப்பு என்றாலும் காய்ந்த விறகு பச்சை விறகைப்போல் இரண்டு பங்குக்கு மேல் பயன் தரும்.

எனவே எந்த மரம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீமைக்கருவேல், சவுக்கு, புளி, வேலமரம் இவையெல்லாம் கனத்த விறகு, நின்று எரியும், நல்ல தணல் விழும். முருங்கை, இலவு, கல்யாண முருங்கை போன்றவை பொசுக்கென்று எரிந்துவிடும். ஆனாலும் காய்ந்த முருங்கைக் கட்டை ஈரச் சவுக்கைவிட மேல்.

காயவைக்கும் முறை எளிது. சித்திரை, வைகாசியில் கிளை கழிக்கும்போதே விறகைத் துண்டு போட்டு, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்துவிட வேண்டும். உருட்டுக்கட்டையாக விட்டால் பட்டை ஈரத்தை வெளியே விடாது. ஆறு மாதம் ஆனாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும். பிளந்த விறகு நமது வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். தரையில் அடுக்கினால் கறையான் ஏறும், ஈரமும் ஏறும். கல் வைத்து அதன்மேல் இரண்டு கழி போட்டு, ஒரு முழ உயரத்தில், காற்றுப் புக இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே மட்டும் தகரமோ கீற்றோ போட்டால் போதும். பலர் தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடி விடுகிறார்கள். அதனால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் விறகில் பூஞ்சணம் பிடிக்கிறது. பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். பெருமழை வரும் நாளில் மட்டும் சாரல் படும் பக்கத்தை மூடினால் போதும்.

காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் காய்ந்த விறகு. மந்தமாகக் கேட்டால் இன்னும் ஈரம் உண்டு. வெட்டு முனையில் வெடிப்பு விட்டிருப்பதும், பட்டை தானாகக் கழன்று வருவதும் காய்ந்ததற்கு அடையாளம்.

எவ்வளவு சேமிக்கலாம்?

சாதாரண அடுப்பில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோ விறகு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 15 நாளைக்கு 75 கிலோ. அடுப்புக்கு அடுப்பு இது மாறும். ஆகவே ஒருநாள் விறகை எடைபோட்டுச் சமைத்துப் பார்த்து உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கில் பெரும்பாலோர் மறந்துவிடுவது குடிநீர். ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரி வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 72 கலோரி (கிலோ கலோரி) சூடு வேண்டும். 10 லிட்டருக்கு 720. ஒரு கிலோ காய்ந்த விறகில் 4,000 கலோரிக்குக் குறையாமல் இருந்தாலும், மூன்று கல் அடுப்பில் அதில் எட்டில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது. ஆக 10 லிட்டர் குடிநீர் காய்ச்ச ஒன்றரை கிலோ விறகு போய்விடும். 15 நாளுக்கு இதுவே 22 கிலோ ஆகிறது. எனவே 100 கிலோ விறகு இருப்பு வைப்பது நல்லது. குளோரின் மாத்திரை கையில் இருந்தால், தண்ணீரைத் துணியில் வடிகட்டித் தெளியவிட்டு, அட்டையில் எழுதியுள்ள அளவுப்படி போட்டு விறகை மிச்சப்படுத்தலாம். கைக்குழந்தைக்கும் பிரசவித்த பெண்ணுக்கும் காய்ச்சிய நீரே கொடுங்கள். தண்ணீர் குமிழியிட்டுத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அதற்குமேல் கொதிக்கவிடுவது விறகுக்கு நஷ்டம்.

இருப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மூன்று நாளைக்கு வேண்டிய விறகு, சுள்ளி, வறட்டி ஆகியவை வீட்டுக்குள் பரணில் இருக்கட்டும். தீப்பெட்டிகளை மூடி இறுக்கமான டப்பாவில் ஒரு பிடி அரிசியோடு போட்டு வைத்தால் நமுத்துப் போகாது. வெள்ளக் காலத்தில் பாம்பும் தேளும் விறகடுக்கில்தான் ஒதுங்கும். கையை நுழைக்குமுன் கம்பால் தட்டி, வெளிச்சம் காட்டிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

நிலத்தில் கிடைப்பவை

தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு எரிபொருள் பஞ்சமே வரக்கூடாது. கொட்டாங்கச்சி (சிரட்டை) விறகைவிடச் சூடு மிகுந்தது. இடமும் கொஞ்சமே அடைக்கும். ஒரு சாக்குக் கொட்டாங்கச்சியைப் பரணில் போட்டு வைத்தால் அவசரத்துக்கு உதவும். பன்னாடையும் பாளையும் தீ மூட்ட ஏற்றவை. மட்டையைத் துண்டு போட்டுக் காயவைக்கலாம். தேங்காய் உரிமட்டை மட்டும் பஞ்சுபோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஒருமுறை நனைந்தால் அந்தப் பருவத்துக்குள் காயாது. அதைக் கூரைக்கடியில்தான் வைக்க வேண்டும்.

புயலில் விழுந்த தென்னை மரத்தை உடனே விறகாக்க முடியாது. அதற்காக அப்படியே போட்டு வைப்பதும் தவறு. அழுகும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, மீந்து நிற்கும் மரங்களின் குருத்தையும் புதிதாக நட்ட கன்றுகளையும் தாக்கும். சிவப்புக் கூன்வண்டும் வெட்டுக் காயத்தின் வாசனைக்கு வரும். அதனால் தண்டை மூன்றடித் துண்டுகளாக அறுத்து, நான்காகப் பிளந்து, தோப்புக்கு வெளியே மேட்டில் அடுக்கிவிட வேண்டும். வெளிப்பக்கத்துக் கெட்டிப் பகுதி அடுத்த கோடையில் நல்ல விறகாகும். உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதி விறகுக்கு ஆகாது. அதை மக்கவைத்து எருவாக்கலாம். எருக்குழியில் வெள்ளைப் புழு தெரிந்தால் பொறுக்கி அழித்துவிடுங்கள்.

புன்செய்க்காரருக்குப் பருத்திமார், துவரைமார், மரவள்ளிக் குச்சி, சவுக்கு மிலார் உண்டு. இவை விரைவாக எரிந்துவிடுபவை. காப்பி, கஞ்சி போன்ற சிறு வேலைக்கு ஏற்றவை. கைப்பிடி அளவுக்குக் கட்டு கட்டி வைத்தால் எடுத்துப் போட வசதியாக இருக்கும். வறட்டி மெதுவாக எரிந்து தணல் தரும். பால் காய்ச்சவும் தண்ணீர் சுடவைக்கவும் உகந்தது. ஆனால் எரிக்கிற ஒவ்வொரு வறட்டியும் வயலுக்குப் போகவேண்டிய எரு. ஆண்டு முழுவதும் வறட்டி எரிப்பதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். அவசர இருப்பாக ஒரு கூடை போதும்.

சில பொருட்களை எக்காரணம் கொண்டும் சமையல் அடுப்பில் வைக்கக்கூடாது. அரளிக் கட்டையின் புகை நஞ்சு. முத்துப்பேட்டை, பிச்சாவரம் போன்ற அலையாத்திக் கரைகளில் வளரும் தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதன் புகையும் காரமானது. ஆலைக் கொதிகலனில் அதை எரிக்கிறார்கள் என்பதற்காக வீட்டு அடுப்பில் எரிக்கக் கூடாது. வண்ணம் பூசிய பலகை, பிளைவுட், டயர், உரச்சாக்கு, பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றையும் விலக்குங்கள். தீ பிடிக்கவில்லை என்று உரச்சாக்கைக் கிழித்துப் போடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதை அடியோடு விட வேண்டும்.

அடுப்பும் கவனிக்கத்தக்கது

மண்ணால் போட்ட அடுப்பு தரையில் இருந்தால், வீட்டுக்குள் ஒரு சாண் தண்ணீர் வந்தாலே கரைந்துவிடும். ஆகவே தூக்கி மேலே வைக்கக்கூடிய இரும்பு அடுப்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். அடுப்புக்குள் கம்பித் தட்டு ஒன்று வைத்து அதன்மேல் விறகை வைத்தால் அடியிலிருந்து காற்று வரும், புகை குறையும். பாத்திரம் தீயின் நுனியில் உட்கார வேண்டும். அதிக உயரத்தில் இருந்தால் சூடு வீணாகும். தாழ்ந்து தீயை அமுக்கினால் கரி பிடிக்கும். நமது பாட்டிமார்களின் கொடியடுப்பு நல்ல ஏற்பாடு. முன்கண்ணில் சோறு வேகும்போது, வீணாகப் போகும் சூட்டில் பின்கண்ணில் தண்ணீர் சுடும்.

உமியோ மரத்தூளோ மலிவாகக் கிடைக்கும் ஊர்களில் தூள் அடுப்பு செய்துகொள்ளலாம். மேல்மூடி எடுத்த எண்ணெய் டின்னின் பக்கத்தில், அடியை ஒட்டி இரண்டு அங்குல ஓட்டை போடுங்கள். அந்த ஓட்டை வழியாக ஒரு உருளைக் கட்டையைப் படுக்கவைத்தும், டின்னின் நடுவில் இன்னொரு கட்டையை அதைத் தொடும்படி நிறுத்தியும், சுற்றிலும் காய்ந்த மரத்தூளைக் கொட்டி நன்றாக இடித்து நிரப்ப வேண்டும். உமி தனியாக இறுகாது. பாதிக்குப் பாதி மரத்தூள் கலந்தால் நிற்கும். பிறகு இரண்டு கட்டைகளையும் மெதுவாகத் திருகி எடுத்தால் நடுவே புகைபோக்கிபோல் ஒரு துளை கிடைக்கும். கீழ் ஓட்டை வழியாகத் தீ வைத்தால், துளையின் சுவர் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெள்ள எரிந்துகொண்டு போகும். விறகு தள்ளும் வேலை இல்லாமல் ஒரு நிரப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் எரியும். பாத்திரத்தை டின்மேல் நேராக வைக்காமல் மூன்று கல் துண்டுகளின்மேல் வையுங்கள்; இல்லாவிட்டால் காற்றோட்டம் நின்று அணைந்துவிடும். பற்றவைக்கும்போது புகை அதிகம் வரும். வெளியே பற்றவைத்து, நின்று எரிய ஆரம்பித்த பிறகு பாத்திரம் வைக்க வேண்டும். பற்றவைத்த பின் அடுப்பை அசைத்தால் தூள் சரிந்துவிடும். ஆகவே முதலிலேயே இடம் பார்த்து வைக்கவும்.

வைக்கோலுக்குள் சோறு வேகும்

விறகு குறைவாக உள்ளவர்கள் வைக்கோல் பெட்டியைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். சிரமமும் இல்லை, செலவும் இல்லை. இருந்தும் நமது கிராமங்களில் ஏனோ பரவவில்லை. அரிசி வேக வேண்டியது கொதிநிலைச் சூடு. தொடர்ந்து தீ எரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. சூடு வெளியேறாமல் காத்தால் தானாகவே வெந்துவிடும்.

பெரிய கூடை அல்லது மரப்பெட்டியின் அடியில் அரை அடிக் கனத்துக்குக் காய்ந்த வைக்கோலை அமுக்குங்கள். பாத்திரம் உட்காரும் அளவுக்கு நடுவில் குழி விட்டு, சுற்றிலும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் வைக்கோல் திணிக்க வேண்டும். சோற்றுக்கு அளவாகத் தண்ணீர் வைத்து, கொதி வந்த பின் 10 நிமிடம் மூடி வேகவிட்டு, மூடியைத் திறக்காமல் பாத்திரத்தைக் குழியில் இறக்கி, மேலே வைக்கோல் திணித்த சாக்கைப் போட்டு அழுத்தி மூடுங்கள். ஒரு மணி நேரம் திறக்கக்கூடாது. கஞ்சி வடிக்கும் வழக்கம் இதற்கு ஒத்துவராது. தண்ணீர் அளவை இரண்டொரு முறை செய்து பார்த்துத்தான் சரிக்கட்ட வேண்டும். பருப்பை முன்னதாக ஊறவைத்தால் இதிலேயே வேகும். கறி, மீன் இதற்கு வேண்டாம். சூடு தணிந்து நெடுநேரம் கிடந்தால் கெட்டுப்போகும்.

பெரிய பாத்திரத்தில் நிறையச் சமைக்கும்போதுதான் சூடு நன்றாக நிற்கும். ஒரு ஆழாக்கு அரிசிக்கு இந்த முறை பயன்படாது.

மாடு உள்ளவர்களுக்குச் சாண எரிவாயு

கம்பியையும் சாலையையும் நம்பாத எரிபொருள் ஒன்று உண்டென்றால் அது சாண எரிவாயுதான். நாள்தோறும் 25 கிலோ சாணம் கிடைத்தால் 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். இது ஏறத்தாழ மூன்றரை கிலோ விறகுக்கோ, 620 மில்லி மண்ணெண்ணெய்க்கோ சமம். கட்டிப் போட்டு வளர்க்கும் மாடு ஒன்று நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். இரண்டு மூன்று மாடு இருந்தால் 1 கன மீட்டர் கலன்; நான்கைந்து மாடு இருந்தால் 2 கன மீட்டர் கலன். இரண்டாவது, ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்குப் போதும். மேய்ச்சலுக்குப் போகும் மாடுகளின் சாணம் பாதிதான் தொழுவத்தில் கிடைக்கும். அதைக் கழித்துக் கணக்குப் போட வேண்டும். அளவுக்கு மீறிப் பெரிய கலன் கட்டிப் பட்டினி போடுவதால்தான் பல கலன்கள் ஊர்களில் பயனற்றுக் கிடக்கின்றன.

வறட்டியாக எரித்தால் சாணம் சாம்பலாகிவிடுகிறது. கலனில் போட்டால் வாயுவும் கிடைக்கிறது. வெளிவரும் சாணக் கரைசலில் தழைச்சத்தும் மிஞ்சுகிறது. வயலுக்கு அது நல்ல எரு. மின்சாரம் இல்லாத இரவில் வாயு விளக்கும் ஏற்றலாம். 100 மெழுகுவர்த்தி வெளிச்சம் தரும் விளக்கு மணிக்கு 0.13 கன மீட்டர் வாயு எடுக்கும். ஆகவே சமையலுக்குப் போக மீதி இருந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மாதிரியில் இரும்பு மிதவை மேலே இருக்கும். கடலோரக் காற்றில் இது விரைவில் துருப்பிடிக்கும். 1984-ல் வெளிவந்த தீனபந்து மாதிரி செங்கல் வேலை. முழுவதும் தரைக்கடியில் இருப்பதால் புயல் காற்று அதைத் தொடாது. புயல் மாவட்டங்களுக்கு அதுவே ஏற்றது என்பது எமது கருத்து. நன்கு பழகிய கொத்தனார் வேண்டும். கவிகையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வாயு தங்காது. மானியம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

கலனுக்கு எதிரி வெள்ள நீர். சாணம் ஊற்றும் தொட்டியையும் வெளியேறும் தொட்டியையும் சுற்றி ஒரு அடி உயரக் கரை கட்டி, பலகையால் மூடி வையுங்கள். உள்ளே மழைநீர் புகுந்தால் கரைசல் நீர்த்து வாயு குறையும். மழைக்காலக் குளிரிலும் வாயு குறையத்தான் செய்யும். நுண்ணுயிர்கள் 35 டிகிரி வெப்பத்தில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். மதிய வெயிலில் வைத்த தண்ணீரையோ வெதுவெதுப்பான நீரையோ சாணத்துக்குச் சம அளவாகக் கரைத்து ஊற்றலாம். பினாயில், சோப்பு கலந்த தொழுவக் கழிவுநீர் உள்ளே போகக்கூடாது. அடுப்பில் தீ துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். அதை வடித்துவிட வேண்டும். கலனுக்குள் மட்டும் யாரும் இறங்கக்கூடாது. காலியாக இருப்பதுபோல் தோன்றினாலும் நச்சு வாயு இருக்கும்.

குஞ்சுகளுக்குக் கதகதப்பு

பல்ப் வைத்து நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு ஒரே இரவு மின்வெட்டு பெருநஷ்டம். முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம்.

மின்சாரம் போனதும் முதலில் இடத்தைச் சுருக்குங்கள். அட்டைத் தடுப்பைக் குறுக்கி, தரையில் உமியைக் கனமாகப் பரப்பி, மேலே பாதி அளவுக்குச் சாக்கு மூடலாம். பிளாஸ்டிக் கேன்களில் சுடுநீர் நிரப்பிச் சாக்கால் சுற்றி நடுவில் வைப்பது பாதுகாப்பான முறை. கேனைத் தொட்டுப் பார்த்து, ஆறியதும் மாற்ற வேண்டும். அடைக்கோழி இருந்தால் இரவில் அதன்கீழ் சில குஞ்சுகளை விடலாம். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர். விலகிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

கரிச்சட்டி வைப்பதானால், கரியை வெளியே முழுதும் சிவக்கும்படி எரித்துவிட்டு, சாம்பல் போட்ட மண்சட்டியில் எடுத்து வாருங்கள். செங்கல்மேல் வைத்து, துளையிட்ட சட்டியால் மூடி, சுற்றிலும் கம்பிவலை அடையுங்கள். உமி சட்டியிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும். கொட்டகையின் மேற்பக்கம் காற்றுப் போக வழி வேண்டும். முழுவதும் மூடிவிட்டால் குஞ்சுகள் குளிருக்குத் தப்பி நச்சுக்காற்றில் சாகும்.

தூக்கத்தில் கொல்லும் காற்று

இந்த நச்சுக்காற்று குஞ்சுகளுக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் எமன். கரியும் தணலும் காற்றோட்டமில்லாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை இல்லாததால் ஆபத்து இல்லை என்று நினைத்து விடுகிறோம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி பலமுறை வந்திருக்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். அதே அறையில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலித்தால் சந்தேகமே வேண்டாம். பெட்ரோல், டீசல் ஜெனரேட்டரும் இதே வாயுவை விடும். அதைத் திண்ணையிலோ சன்னல் ஓரத்திலோ ஓட்டக்கூடாது.

முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் குளிர் தாங்கவில்லை என்றால், சுடுநீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிக் காலடியில் வையுங்கள். தணலை அறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

அடுப்புப் புகையையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். வீட்டுக்குள் எரிக்கும் புகையால் 2020-ம் ஆண்டில் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மழை பெய்தாலும், தாழ்வாரத்தில் காற்றுக்கு மறைவாக அடுப்பை வைத்துச் சமைப்பதே நல்லது. கூரை வீடாக இருந்தால் அடுப்புக்கு மேலே தகரம் அடித்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும்.

கடைசியாக, வீட்டில் உள்ள காஸ் சிலிண்டரைப் பற்றி. 14.2 கிலோ சிலிண்டர் நிறைந்திருந்தாலும் மொத்தம் 30 கிலோ அளவுதான் இருக்கும். அதன் உட்கொள்ளளவோ 33 லிட்டருக்கு மேல். அதனால் நிறைந்த சிலிண்டரும் வெள்ளத்தில் மிதக்கும். குழாயை அறுத்துக்கொண்டு போகும். வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்தி வைத்துச் சன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு சேறு புகுந்த ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் காஸ் ஏஜென்சிக்காரரிடம் காட்டாமல் மாட்டக்கூடாது. காஸ் வாசனை வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாமல் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போய் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம்.